எங்களுக்கு 20, சீனாவுக்கு எத்தனை?

செங்கலடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். கார்மெண்ட்ஸில் நான்கு வருசமாக மெசின் ஒப்பரேட்டர். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைக்கு 44 வீதம் வரி என்றது. ஜூலையில் 30 என்றார்கள், ஓகஸ்டில் 20 ஆனது. இப்போது அமெரிக்காவும் சீனாவும் பேசிச் சமாதானமாகிவிட்டன என்று செய்தியில் போகிறது. அது எங்கள் வேலைக்கு நல்லதா, கெட்டதா? இரண்டு பேரில் வென்றது யார்? மே, ஜூனில் ஓவர்டைம் குவிந்து கிடந்தது, இப்போது ஐந்து மணிக்கே பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

முதல் கேள்விக்குப் பதில்: கொஞ்சம் கெட்டது. இரண்டாவதற்கு: இதுவரை சீனாவின் கை ஒரு சாண் மேலே. மூன்றாவதற்கு: உண்டு. அவசரக்காரர்கள் இதோடு எழும்பிப் போகலாம்.

நான் கட்டுநாயக்காவில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஷிப்பிங் பிரிவில் 22 வருசம் கடதாசியோடு மல்லுக்கட்டியவன். இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்றிதழ், இதுதான் என் உலகம். இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு படுவான்கரையில் ஐந்து ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். இதை எழுதுவது 2025 நவம்பர் நடுப்பகுதியில். விதைப்பு முடிந்துவிட்டது, வெளியே மழை, எழுத நேரம் இருக்கிறது. நீங்கள் வாசிக்கும்போது எண்கள் மாறியிருந்தால் என்னைக் குறை சொல்ல வேண்டாம். இந்த வருசம் அவை மாதத்துக்கு ஒரு தரம் மாறின.

அந்த 44 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். ஏப்ரல் 2ஆம் திகதி ட்ரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். இலங்கை அமெரிக்கப் பொருளுக்கு 88 வீதம் வரி போடுகிறது, ஆகவே பாதி போட்டால் 44 என்று அதில் இருந்தது. நாங்கள் 88 வீதம் போடுகிறோமா? இல்லை. 2024இல் அமெரிக்கா எங்களிடம் சுமார் 3 பில்லியன் டொலருக்குப் பொருள் வாங்கியது, எங்களுக்கு விற்றது 368 மில்லியனுக்கு. வித்தியாசம் 2.6 பில்லியன். அதை 3ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 88 வீதம். அதில் பாதி 44. அவ்வளவுதான் சூத்திரம். நான் ஆரையம்பதியில் ஒரு மீன்காரரிடம் பத்து வருசமாக மீன் வாங்குகிறேன், அந்த மனிதர் என்னிடம் ஒரு கொத்து நெல்லும் வாங்கியதில்லை. இந்தச் சூத்திரப்படி அவர் என்னை நூறு வீதம் ஏமாற்றியிருக்கிறார்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. பேரம் பேசப் போகிறவன் முதலில் ஓர் அநியாய விலையைச் சொல்வான். அதிலிருந்து இறங்கி வரும்போது, கிடைத்த எதையும் மற்றவன் லாபமென்று நினைப்பான். ஓகஸ்டில் 20 வந்தபோது கொழும்பில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். மார்ச் மாதம் அந்த மேலதிக வரி பூச்சியம் என்பதை யாரும் பேசவில்லை.

அடுத்தது, இந்த வரியை யார் கட்டுவது? இலங்கை கட்டுகிறது, சீனா கட்டுகிறது என்று மேடையில் சொல்வதை நம்ப வேண்டாம். அமெரிக்கத் துறைமுகத்தில் பொருளை எடுக்கிற அமெரிக்க இறக்குமதியாளர்தான் அந்த நாட்டுச் சுங்கத்துக்குக் காசோலை எழுதுகிறார். நாங்கள் விற்பது பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலைக்கு, அதாவது கொழும்பில் கப்பலில் ஏற்றும்வரைதான் எங்கள் பொறுப்பு. கப்பல் கூலி, அங்குள்ள சுங்கம், எல்லாம் பையரின் தலையில். ஆனால் பையர் தலையில் விழுந்தது அங்கேயே தங்குமா? இரண்டு நாளில் மின்னஞ்சல் வரும்: "நெடுநாள் உறவு. சுமையைப் பங்குபோடுவோம்." 2009இல் உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம் அப்படி வந்த கடிதங்களை நானே பிரிண்ட் எடுத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முதலாளி ஒரு பங்கை விழுங்குவார், பையர் ஒரு பங்கை விழுங்குவார், அங்கே கடையில் விலை கொஞ்சம் ஏறும். மிச்சம் லைனுக்கு வந்து சேரும். டார்கெட் கூடும், இன்சென்டிவ் குறையும். உங்களுக்கு இது தெரிந்த கதை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். மகள், இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், முழு விசயமும் இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு பருத்தி ரீசேட்டின் எஃப்.ஓ.பி. விலை 4 டொலர் என்று வைப்போம். ட்ரம்ப் வருவதற்கு முன்பே அமெரிக்கா பருத்தி ரீசேட்டுக்கு 16.5 வீதம் வாங்கி வந்தது. அது எல்லா நாட்டுக்கும் பொது. இப்போது அதன் மேல் எங்களுக்கு 20. மொத்தம் 36.5, அதாவது 1 டொலர் 46 சதம். சீன ரீசேட்டுக்கு அதே 16.5 உண்டு. அதோடு 2019இல் போட்டு 2020இல் குறைத்த பழைய தண்ட வரி 7.5 இன்னும் நிற்கிறது. பிறகு இந்த வருசத்து 10. இவற்றோடு, பென்டனில் என்ற போதை மருந்தின் மூலப்பொருளைத் தடுக்கவில்லை என்று போட்ட 20. எல்லாம் சேர்ந்தால் 54 வீதம், 2 டொலர் 16 சதம். ஆக, ஒக்டோபர் வரைக்கும் ஒரு ரீசேட்டில் எங்களுக்கு 70 சதம் சாதகம் இருந்தது.

ஒக்டோபர் 30ஆம் திகதி தென்கொரியாவின் பூசானில் ட்ரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்கள். பென்டனில் வரி 20இலிருந்து 10 ஆனது, நவம்பர் 10 முதல் நடைமுறை. சீன ரீசேட்டின் வரி 44 வீதத்துக்கு இறங்கியது, அதாவது 1 டொலர் 76 சதம். எங்களுடைய சாதகம் 30 சதமாகச் சுருங்கியது. எங்கள் வரியில் ஒரு சதமும் கூடவில்லை, இலங்கையின் பெயரை அந்த அறையில் யாரும் உச்சரித்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் ஒரு ரீசேட்டுக்கு 40 சதம் பறந்துவிட்டது. "கொஞ்சம் கெட்டது" என்று மேலே சொன்னது இதைத்தான்.

கொஞ்சம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. பையர்மார் சீனாவை விட்டு விலகத் தொடங்கியது 2018இலேயே. நாளைக்கு என்ன வரி என்று தெரியாத நாட்டில் எட்டு மாதம் முன்கூட்டி ஓடர் கொடுக்க அவர்களுக்குப் பயம். இரண்டாவது, எங்களோடு உண்மையில் மோதுவது பங்களாதேசும் வியட்நாமும்தான், அவர்களுக்கும் 20. கம்போடியா, இந்தோனேசியா, பாகிஸ்தானுக்கு 19. இந்தியாவுக்கு ஓகஸ்ட் 27இலிருந்து 50, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையோடு சேர்த்து. இந்த 50 நிலைக்குமென்று நம்பி எங்களில் சிலர் சந்தோசப்படுகிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் குறைந்துவிடக்கூடிய எண் அது. அதை வைத்துக் கனவு காண வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. வென்றது யார்?

இதற்கு வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் மாரி வேளாண்மை வெட்டும்போது எல்லா வட்டையிலும் ஒரே நேரத்தில் மெசின் இறங்கும். நெல் ஈரம். காயவைக்கக் களம் இல்லாமல் பலர் தார் ரோட்டில்தான் பரப்புகிறார்கள். பொலன்னறுவையிலிருந்து மில்காரரின் லொறி வரும். லொறி இரண்டு நாள் வராமல் நின்றால் விலை தானாக விழும். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்று அரசாங்கம் விலை அறிவித்தது. எங்கள் பக்கம் அதற்குள் எத்தனையோ பேர் விற்று முடித்திருந்தார்கள். போடியாரிடம், அதாவது பெரிய வயல்காரரிடம், களஞ்சியம் இருக்கிறது, அவர் சித்திரை வரைக்கும் பொறுப்பார். கடன்பட்டு விதைத்தவனால் நாலு நாளும் பொறுக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நெல்லைத்தான் விளைவித்தார்கள், விலை பேசும் திறமையும் ஒன்றுதான். களஞ்சியம் மட்டும் ஒருவரிடம் இருக்கிறது.

அமெரிக்காவும் சீனாவும் ஏழு வருசமாகச் செய்வது, மற்றவனின் களஞ்சியத்தில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான்.

2018 ஜூலை 6ஆம் திகதி அமெரிக்கா 34 பில்லியன் டொலர் பெறுமதியான சீனப் பொருளுக்கு 25 வீதம் போட்டது. சீனா அன்றைக்கே அதே தொகைக்குத் திருப்பிப் போட்டது. அதில் முதலாவதாக அது தேடிப் பிடித்தது சோயாவை. அமெரிக்காவில் சோயா விளையும் மாநிலங்களில் பல ட்ரம்ப்புக்கு வாக்குப் போட்ட மாநிலங்கள். சோயாவுக்கும் பெரும்போகம் போல ஒரு வெட்டுக் காலம் உண்டு, செப்டம்பர், ஒக்டோபர். அந்த நேரம் லொறி வராவிட்டால் என்ன நடக்குமென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வொஷிங்டன் தன் விவசாயிகளுக்கு 2018இல் 12 பில்லியன், 2019இல் 16 பில்லியன் டொலர் நட்டஈட்டுத் திட்டம் போட வேண்டி வந்தது. சீனா பிரேசிலுக்குப் போய் வாங்கியது. பிரேசில் புதுக் காணி திறந்தது, துறைமுகத்தைப் பெருப்பித்தது. 2024இல் சீனா வாங்கிய சுமார் 105 மில்லியன் தொன் சோயாவில் ஏறக்குறைய 75 மில்லியன் பிரேசிலுடையது, அமெரிக்காவுடையது 22.

2020 ஜனவரி 15இல் முதல் கட்ட ஒப்பந்தம் என்று வெள்ளை மாளிகையில் பெரிய விழா வைத்துக் கையெழுத்திட்டார்கள். இரண்டு வருசத்தில் 2017ஐ விட 200 பில்லியன் டொலர் கூடுதலாக அமெரிக்கப் பொருள் வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. கொரோனா வந்தது, சீனா அந்தக் கூடுதலைக் கடைசிவரை வாங்கவில்லை. வரிகளில் பெரும்பாலானவை மட்டும் அப்படியே நின்றன. பைடன் வந்தும் எடுக்கவில்லை. 2024இல் சீன மின்சாரக் காருக்கு 100 வீதம் என்று கூட்டத்தான் செய்தார். அமெரிக்காவில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போகிற விசயங்கள் சிலதான், அதில் இது ஒன்று. ஆகவே ஆள் மாறினால் எல்லாம் மாறும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

2025இல் நடந்தது வேகம். ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்குள் சீனாவுக்கு 145 வீதம், சீனா திருப்பி 125. இந்த அளவுக்குப் போனால் அதை வரி என்று சொல்ல முடியாது, படலையைப் பூட்டியது மாதிரி. மே 10, 11இல் ஜெனீவாவில் அமெரிக்க நிதிச் செயலாளர் பெசன்ட்டும் சீனத் துணைப் பிரதமர் ஹே லிஃபெங்கும் உட்கார்ந்து 30க்கும் 10க்கும் இறக்கினார்கள், 90 நாள் தவணை. பிறகு லண்டன், ஸ்டொக்ஹோம், மட்ரிட், கோலாலம்பூர், ஒவ்வொரு ஊரிலும் ஒரு தவணை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு காணிப் பத்திரத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்தத் தவணைக் கதை புதிதல்ல.

145 போட்ட அமெரிக்கா ஏன் ஒரு மாதத்தில் இறங்கியது? கடைத் தட்டு வெறுமையாகும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று, அதைத்தான் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரிய மண் உலோகங்கள் என்று பதினேழு தனிமங்கள் இருக்கின்றன. நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் என்று வாயில் நுழையாத பெயர்கள். இவை இல்லாமல் பலமான சின்னக் காந்தம் செய்ய முடியாது. காந்தம் இல்லாவிட்டால் பெரும்பாலான மின்சாரக் கார்கள் ஓடாது, ஏவுகணை திரும்பாது, கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டர்கூடச் சுற்றாது. பெயர்தான் அரிய மண், பல நாடுகளில் கிடைக்கிறது. தோண்டுவதில் சீனாவின் பங்கு சுமார் 70 வீதம், பிரித்துச் சுத்திகரிப்பதில் 90 வீதமளவு. அந்த இரண்டாவது எண்தான் கழுத்துப்பிடி. கலிபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்று அமெரிக்காவுக்குச் சொந்தச் சுரங்கம் இருக்கிறது. அங்கே தோண்டியதிலேயே பெரும்பகுதியை இந்த வருச ஏப்ரல் வரை சீனாவுக்கு அனுப்பித்தான் பிரித்தெடுத்தார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையைப் பாருங்கள். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் கலந்த கருமணல். எத்தனையோ வருசமாக அள்ளிப் பிரித்துக் கப்பலில் ஏற்றுகிறோம். அது வெளிநாட்டில் வெள்ளைப் பெயின்ற்றாக மாறி, அந்தப் பெயின்ற்றை நாங்கள் கல்லடிக் கடையில் வாளிக்கணக்கில் வாங்கிச் சுவருக்குப் பூசுகிறோம். மண் யாருடையது என்பதில் பெரிய காசு இல்லை, அதை வேறொன்றாக மாற்றத் தெரிந்தவனிடம்தான் காசு. சீனா அந்த இடத்தைப் பிடிக்க முப்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. ஆற்று நீர் நாசமாவதைச் சகித்துக்கொண்டு, நட்ட விலைக்கு விற்று, மற்ற நாடுகள் தங்கள் ஆலைகளை மூடும்வரை பொறுத்தது.

ஏப்ரல் 4இல் சீனா ஏழு அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்றது. தடை என்று சொல்லவில்லை, விண்ணப்பியுங்கள் என்றது. யார் பாவிக்கப் போகிறார், எதற்குப் பாவிக்கப் போகிறார், இராணுவத்துக்குப் போகாதென்று எழுதிக் கொடு. படுவான்கரையில் யுத்தகாலத்தில் வேளாண்மை செய்தவர்களுக்கு இது நல்லாகப் புரியும். யூரியா, பற்றரி, சீமெந்து, மூன்றுக்கும் கட்டுப்பாடு. யூரியா பயிருக்கும் போகும், வெடிக்கும் போகும் என்பதுதான் நியாயம். எங்கள் அப்பா இரண்டு மூட்டை யூரியாவுக்குக் கடிதம் எடுக்க எத்தனை நாள் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஒருவரும் முகத்துக்குச் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்பார்கள். கடைசியில் கடிதம் கிடைக்கும்போது பயிர் மஞ்சளாகியிருக்கும்.

அமெரிக்க, ஐரோப்பியக் கார்த் தொழிற்சாலைகளுக்கு மே, ஜூன் மாதங்களில் நடந்தது அந்த மஞ்சள்தான். சில இடங்களில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். ஜூனில் லண்டனில் அவசரமாகக் கூடியது பெரும்பாலும் இதற்காக. ஒக்டோபர் 9இல் சீனா இந்தக் கட்டுப்பாட்டை இன்னும் அகலமாக்கியது. ட்ரம்ப் நவம்பர் 1இலிருந்து இன்னுமொரு 100 வீதம் என்று மிரட்டினார். பூசானில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் மிரட்டலைப் பைக்குள் வைத்தார்கள். சீனா அந்த ஒக்டோபர்க் கட்டுப்பாடுகளை ஒரு வருசத்துக்கு ஒத்திவைத்தது. இந்த வருசம் முடிவதற்குள் 12 மில்லியன் தொன் சோயாவும், அடுத்த மூன்று வருசமும் வருசத்துக்கு 25 மில்லியன் தொன்னும் வாங்குவதாகச் சொன்னது.

25 மில்லியன் என்பது பெரிய எண்ணாகத்தான் தெரியும். மேலே போய்ப் பாருங்கள், 2024இல் சீனா சண்டை சச்சரவு இல்லாமல் வாங்கியதே 22. செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு தொன்கூட இறக்காமல் பிடித்து வைத்துவிட்டு, பிடித்ததை விடுவதற்கே விலை வாங்கியிருக்கிறது. அந்த விலைதான் 10 வீத வரிக் குறைப்பு. சீனாவின் கை ஒரு சாண் மேலே என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்.

ஆனால் சீனா கவலை இல்லாமல் இருக்கிறது என்று நினைக்கவும் கூடாது. உள்ளூரில் வீட்டு விலை விழுந்து, சனம் செலவழிக்கப் பயப்படுகிறது. ஆலைகள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. அந்தப் பொருள் எங்கேயாவது போயாக வேண்டும். அமெரிக்கக் கதவு பாதி சாத்தியிருந்தால் அது எங்கள் பக்கம்தான் ஒதுங்கும். மலிவாக வாங்குகிறவர்களுக்குச் சந்தோசம். மருதமுனையில் தறி வைத்திருக்கிறவர்களிடம் போய்க் கேட்டால் வேறு பதில் வரும். மேம்பட்ட கணினிச் சிப்பும் அதைச் செய்யும் இயந்திரமும் இன்னும் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் கையில் வைத்திருக்கிற சாவி. அதைச் சீனா இன்னும் பறிக்கவில்லை. ஆகவே இந்த ஒரு வருசத் தவணையில் இரண்டு பேரும் செய்யப்போவது ஒரே வேலை. அமெரிக்கா அரிய மண்ணுக்கு ஆலை கட்டும், சீனா சிப்புக்கு ஆலை கட்டும். சமாதானம் என்று செய்தியில் சொல்வது, என் பார்வையில் களஞ்சியம் கட்ட எடுத்த அவகாசம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இலங்கை அகப்பட்டது இது முதல் தடவையல்ல. 1952இல் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. கொரிய யுத்தம் நடக்கிறது, சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்ப் பொருட்களை விற்கக் கூடாதென்று ஐ.நா. தடை. எங்கள் இறப்பரின் விலை விழுந்துகொண்டிருந்தது, அமெரிக்கா கூடிய விலை தர மறுத்தது. வர்த்தக அமைச்சராக இருந்த ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போய்ப் பேசினார், டிசம்பரில் அரிசி–இறப்பர் ஒப்பந்தம் முடிந்தது. வருசத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி எடுப்பது. இறப்பருக்குச் சந்தை விலையை விடக் கூடுதல். அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. சீனாவோடு எங்களுக்கு அப்போது தூதரக உறவுகூடக் கிடையாது, அது வந்தது 1957இல். அந்த ஏற்பாடு புதுப்பித்துப் புதுப்பித்து முப்பது வருசம் ஓடியது.

வேடிக்கை என்னவென்றால், அதே வருசங்களில் அம்பாறையில் இங்கினியாகலை அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அரிசியில் தன்னிறைவு அடைவதற்கான கல்லோயாத் திட்டம் அது. அணை அமெரிக்கன் கட்டியது, தட்டில் சோறு சீனாவுடையது. யார் எங்கே குடியேறினார்கள், யாருடைய காணி போனது என்று அந்தத் திட்டத்துக்கு வேறொரு பெரிய கதை இருக்கிறது, அது இங்கே வேண்டாம். 1952இல் எங்களிடம் இறப்பர் இருந்தது, இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டது. கேட்கத் துணிந்தோம், கிடைத்தது. இன்றைக்குப் பேச்சு மேசையில் நாங்கள் எதை வைப்பது? உடுப்பை வேறு இருபது நாடு தைக்கிறது.

உடுப்புத் தொழில் எங்களுக்கு வந்ததும் பெரியவர்களின் சண்டையால்தான். பணக்கார நாடுகள் 1974இலிருந்து ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவுதான் துணியும் உடுப்பும் வாங்குவோம் என்று கோட்டா வைத்தன. தங்கள் கோட்டா முடிந்த கிழக்காசியக் கம்பனிகள், கோட்டா மிச்சமிருந்த நாடு தேடி இங்கே வந்தன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 தொழிற்சாலைத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக முடிந்தது அந்தக் கோட்டாவின் நிழலில். 2005 ஜனவரி 1இல் கோட்டா முடிந்தது. அன்றைக்கு நான் வேலை செய்த இடத்தில் ஒரு பெரிய பையர் மூன்று மாதத்துக்குள் சீனாவுக்குப் போய்விட்டார், இரண்டு லைன் மூடினோம். அவர் 2019இல் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன், நான் அப்போது அங்கில்லை. மூடிய லைனில் இருந்த பிள்ளைகள் யாரும் பதினான்கு வருசம் வாசலில் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

இனி உங்கள் ஓவர்டைம். ஏப்ரல் 9இல் சீனாவைத் தவிர்ந்த நாடுகளுக்கு வரியை 90 நாள் தள்ளிவைத்தார்கள், அந்த இடைவெளியில் 10 வீதம்தான். பையர்மார் என்ன செய்திருப்பார்கள்? 44 வருமுன் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் கப்பலில் ஏற்று என்றிருப்பார்கள். செப்டம்பர், ஒக்டோபரில் போகவேண்டிய உடுப்பு மே, ஜூனில் தைக்கப்பட்டது. நீங்கள் இரவு எட்டு மணிவரை நின்று தைத்தது உங்களுடைய செப்டம்பர், ஒக்டோபர் வேலையை. அது கூடுதல் வேலை அல்ல, முன்கூட்டிச் செய்த வேலை. ஆகவே இப்போதுள்ள வெறுமையைக் கண்டு பக்டரி மூடப்போகிறது என்று பயப்பட வேண்டாம். மே மாதத்துச் சம்பளத்தை நம்பி லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்திருந்தால் அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்புக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையில் தகுதியான உடுப்புகள் அங்கே தீர்வை இல்லாமல் போகின்றன. 2010இல் அதை ஒருமுறை இழந்து 2017இல் திரும்பப் பெற்றோம். அது மனித உரிமை, தொழிலாளர் உரிமை முதலான 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது, பேசுவதற்கு அது தனி விசயம்.

உங்கள் பக்டரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிய மனேஜரிடம் கேட்கத் தேவையில்லை. அடுத்த ஸ்டைல் லைனுக்கு ஏறும்போது கழுத்து லேபலையும் பக்கத் தையலில் வரும் கெயார் லேபலையும் திருப்பிப் பாருங்கள். ஆர்.என். என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்குள்ள கம்பனிகளுக்கு அவர்களுடைய அரசு கொடுக்கும் பதிவெண் அது. பல நாட்டு அளவுகள், பல மொழிகளில் கழுவும் குறிப்பு என்று லேபல் புத்தகம் போலத் தடித்திருந்தால் பெரும்பாலும் ஐரோப்பா. ஜனவரிவரைக்கும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள், வாரத்துக்கு எத்தனை ஸ்டைல் ஆர்.என்., எத்தனை மற்றது என்று. ஆர்.என். குறைந்துகொண்டே போய் மற்றதும் கூடாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு கணக்குப் பார்ப்போம்.